தோளில் விழுந்த கை

பினாங்கில் கார்ன்வாலிஸ் கோட்டையின் மதில்மேல் கடலைப் பார்த்துக் கிடக்கிறது ஸ்ரீ ராம்பாய். மூன்று மீட்டருக்கு மேல் நீளமுள்ள வெண்கலப் பீரங்கி. தூக்கிப் பிடிக்கும் வளையங்களை டால்பின் மீன் வடிவில் வார்த்திருக்கிறார்கள். உடம்பில் 1603 என்ற ஆண்டு பொறித்திருக்கிறது. பின்னால் வந்த சொந்தக்காரர்கள் வெள்ளியில் பதித்த ஜாவி எழுத்துகளும் உண்டு. பிள்ளை வரம் கேட்கும் பெண்கள் இதன் வாயில் பூ வைத்து வேண்டிக்கொள்ளும் வழக்கம் இந்த ஊரில் நெடுநாள் இருந்தது.

இதை வார்த்தவர்கள் டச்சுக்காரர்கள். ஜொகூர் சுல்தானுக்குக் கொடுத்தார்கள். 1613ல் அச்சே படை ஜொகூரைச் சூறையாடியபோது பீரங்கியையும் அள்ளிக்கொண்டு போனது. 1795ல் அது சிலாங்கூருக்குக் கைமாறியது. 1871ல் கோலசிலாங்கூரைத் தாக்கிய பிரிட்டிஷார் எடுத்துவந்து பினாங்கில் சேர்த்தார்கள். வழிகாட்டிகள் இந்தக் கதையைச் சரியாகவே சொல்வார்கள். யார் கொடுத்தார், யார் எடுத்தார் என்பதோடு நிறுத்திக்கொள்வார்கள். யாரைக் குறிவைத்துக் கொடுக்கப்பட்டது என்று கேட்டால்தான் இன்னொரு மனிதனின் வாழ்க்கை திறக்கிறது. டச்சுக் கம்பெனிக்கும் ஜொகூருக்கும் பொது எதிரி மலாக்காவில் இருந்த போர்த்துக்கீசியர்கள். இந்தப் பீரங்கி வார்க்கப்பட்ட அதே 1603ல் மலாக்காக் கோட்டையின் கப்பித்தானாகப் பொறுப்பேற்றவர் அந்திரே ஃபுர்த்தாடோ டி மெண்டோன்சா.

1558ல் பிறந்த பிரபு குலத்தவர். இளம் வயதிலேயே கீழைக்கடலுக்கு வந்து, பிறகு வாழ்நாள் முழுவதையும் கப்பல்தளத்திலும் முற்றுகைப் பாசறையிலும் கழித்தவர். வரலாற்றாசிரியர் சி.ஆர். பாக்ஸர், ஃப்ரஸாவ் டி வாஸ்கன்செலோஸுடன் சேர்ந்து அவரைப் பற்றி ஒரு முழு நூலே 1955ல் லிஸ்பனில் வெளியிட்டார். போர்த்துக்கீசியர் பக்கமிருந்து பார்த்தால் அது ஒரு வீரனின் சரித்திரம்: வரிசையாக வெற்றிகள், கடைசியில் ஒரு பெரிய தற்காப்பு, பதவி, கடலில் மரணம். தமிழ் வாசகருக்கு அந்த வரிசை அப்படி அமைவதில்லை. வெற்றிகள் நடந்த இடங்களின் பெயர்கள் நம்மை உட்கார வைத்துவிடுகின்றன. மன்னார். நல்லூர். கோட்டக்கல். தோற்றவர்களின் பெயர்களை நாம் முன்பே அறிவோம். அவர்களில் சிலருடைய பெயரை இன்னும் நம் பிள்ளைகளுக்கு வைக்கிறோம்.

1591லிருந்து தொடங்குகிறேன். யாழ்ப்பாணத்து அரசன் புவிராஜ பண்டாரம் அதற்கு முன் மன்னார்க் கோட்டையைப் பிடிக்க முயன்று முடியாமல் திரும்பியிருந்தான். மலபாரிலிருந்து மரைக்காயர்களின் படகுகள் அவனுக்குத் துணை வந்தன. அந்தக் கூட்டை முறிக்கக் கோவா அனுப்பிய படைக்குத் தலைவன் ஃபுர்த்தாடோ. முதலில் துணைக் கடற்படையை அடித்து ஒழித்தான். பிறகு தரையிறங்கி நல்லூருக்கு நடந்தான். அக்டோபர் கடைசியில் நல்லூர் விழுந்தது. புவிராஜ பண்டாரம் கொல்லப்பட்டான். அரச குடும்பத்து எதிர்மன்னசிங்கத்தைச் சிம்மாசனத்தில் உட்கார வைத்தார்கள். பாதிரிமார்களுக்குத் தடை இருக்கக் கூடாது, யானை வியாபாரம் பறங்கியர் கைக்கு வர வேண்டும் என்பவை அவன்மேல் வைத்த நிபந்தனைகள்.

இந்தப் படையெடுப்பில் ஃபுர்த்தாடோ யாழ்ப்பாணத்தில் தங்கவில்லை. வேலை முடிந்ததும் கப்பலேறிவிட்டான். ஆனால் அவன் போட்ட முடிச்சு அவிழவில்லை. எதிர்மன்னசிங்கம் இருபத்தாறு ஆண்டுகள் அந்தக் கயிற்றில் நின்றபடி ஆண்டான். வெளியே பறங்கிக்கு விசுவாசம் காட்டினான். உள்ளுக்குள் கண்டி அரசனுக்கு யாழ்ப்பாணத் துறைமுகங்களைத் திறந்துவைத்தான். அவனைக் கைப்பாவை என்று ஒரே சொல்லில் தள்ளிவிட என்னால் முடிவதில்லை. தலைக்கு மேல் கத்தி தொங்கும் ஒருவன் தன் மண்ணுக்கு எவ்வளவு செய்ய முடியுமோ அவ்வளவு செய்திருக்கிறான். அவன் இறந்து இரண்டு ஆண்டுகளுக்குள், 1619ல், பிலிப் டி ஒலிவேரா வந்து அரசையே முடித்துவைத்தான். அடுத்து நல்லூர்க் கந்தசாமி கோயில் இடிபட்டது. யாழ்ப்பாணத்து நினைவில் ஒலிவேராவின் பெயர்தான் தங்கியது. கதவை முதலில் உடைத்தவன் மறக்கப்பட்டான்.

கோட்டக்கல்லுக்கு வருகிறேன். ஃபுர்த்தாடோவின் வாழ்க்கையில் எனக்கு எல்லாமும் இந்த ஒரு இடத்தில்தான் குவிந்து நிற்கிறது.

வடகரைக்குப் பக்கத்தில் கோட்டையாறு கடலில் சேரும் இடம். மூன்றாவது குஞ்ஞாலி மரைக்காயர் அங்கே கோழிக்கோட்டு அரசர் சாமூதிரியின் அனுமதியோடு ஒரு கோட்டை கட்டினார். நான்கு தலைமுறைக் குஞ்ஞாலிகள் சாமூதிரியின் கடற்படையை நடத்தியவர்கள். சின்னச் சின்னத் துடுப்புப் படகுகளில் பாய்ந்துவந்து பெரிய கப்பல்களை அடித்துவிட்டு ஆற்றுமுகத்துக்குள் மறைந்துவிடும் போர்முறை அவர்களுடையது. மலபாரோடு அவர்கள் நின்றுவிடவில்லை. 1538ல் நம் இராமேசுவரத்துக்குப் பக்கத்து வேதாளைக் கரையிலேயே அவர்களுக்கும் பறங்கியருக்கும் பெரிய சண்டை நடந்திருக்கிறது. நான்காவது குஞ்ஞாலி முகம்மது காலத்தில் சாமூதிரிக்கும் அவருக்கும் பகை முற்றியது. தன்னை மாப்பிளைமார்களின் அரசன் என்றே குஞ்ஞாலி அழைத்துக்கொண்டதாகவும், சாமூதிரியின் யானையின் வாலை வெட்டியதாகவும் எழுதிவைத்திருக்கிறார்கள். எது உண்மையோ, ஒரு நூற்றாண்டாகப் பறங்கியரை எதிர்த்து நின்ற சாமூதிரிக் குடும்பம் அந்தப் பறங்கியரோடேயே கைகோத்தது. இதைவிடக் கசப்பான திருப்பம் நம் கடற்கரை வரலாற்றில் அதிகம் இல்லை.

1599ல் முதல் தாக்குதல். அதற்குத் தலைமை தாங்கியவர் கோவா வைசிராயின் தம்பி லூயிஸ் டி காமா. வாஸ்கோ டி காமாவின் கொள்ளுப்பேரன்கள் இந்த இருவரும். அந்தத் தாக்குதல் படுதோல்வி. அடுத்த முறைக்கு ஃபுர்த்தாடோவை அனுப்பினார்கள். அவன் அவசரப்படவில்லை. சாமூதிரியை நேரில் கண்டு உடன்படிக்கையை இறுக்கிக்கொண்டான். ஆற்றையும் தரையையும் அடைத்தான். பட்டினி போட்டான். உயிருக்கு உறுதி தருவதாகச் சாமூதிரி சொன்ன வாக்கை நம்பி, 1600 மார்ச்சில் குஞ்ஞாலி கோட்டையை விட்டு வெளியே வந்தார்.

கோவாவில் உட்கார்ந்து எழுதிய தியோகு டி கோட்டோ அந்தக் காட்சியை அருகில் நின்று பார்த்ததுபோல விவரித்திருக்கிறார். தலையில் கறுப்புத் துணி. கையில் வாள், அதன் முனை தரையைப் பார்த்திருக்கிறது. நேரே சாமூதிரியிடம் நடந்துபோய் வாளைக் கொடுக்கிறார். பக்கத்தில் நின்ற ஃபுர்த்தாடோ சட்டென்று அவர் தோளைப் பிடித்து இழுக்கிறான். குஞ்ஞாலி திமிறுகிறார். இழுபறியில் ஃபுர்த்தாடோ ஒரு பள்ளத்தின் விளிம்புக்குப் போய்விடுகிறான். பிரான்சிஸ்கன் துறவி ஒருவர் கையைப் பற்றியிராவிட்டால் விழுந்திருப்பான். நாயர் வீரர்கள் கொதித்தெழுகிறார்கள். தங்கள் அரசன் கொடுத்த வாக்கைத் தங்கள் கண்ணெதிரே பரதேசி ஒருவன் மிதிக்கிறான் என்பதை அந்தக் கணமே அவர்கள் புரிந்துகொண்டார்கள். சாமூதிரிதான் அவர்களை அடக்கினார்.

குஞ்ஞாலியைக் கோவாவுக்குக் கொண்டுபோய்த் தலையை வெட்டினார்கள். உடம்பைக் கூறுபோட்டுக் கரையோரங்களில் வைத்தார்கள். தலையை உப்பிட்டுக் கண்ணூருக்கு அனுப்பி, மாப்பிளைமார்கள் பார்த்து அஞ்சும்படி கம்பத்தில் நட்டார்கள்.

அந்தப் பள்ளத்தின் விளிம்பை நான் பலமுறை யோசித்திருக்கிறேன். முப்பது வருடப் போர்த்தொழிலில் அந்த மனிதன் அத்தனை நிலைகுலைந்து நின்ற வேறொரு கணத்தை நான் வாசித்ததில்லை. சண்டையில் அல்ல, வாளைக் கொடுத்துவிட்டு வெறுங்கையோடு நின்ற ஒருவரைப் பிடிக்கும்போது. போர்த்துக்கீசியர் தரப்பில் இதற்கு நியாயங்கள் சொல்லப்பட்டன: கடற்கொள்ளைக்காரனுக்கு வாக்கு எதற்கு, சாமூதிரிக்கும் உள்ளூர இதுதான் சம்மதம். சாமூதிரியின் சம்மதத்தை நான் மறுக்கவில்லை. ஆனால் அடைக்கலம் என்று வந்தவன்மேல் கை வைக்கக் கூடாது என்பது அந்தக் கரையில் நின்ற சாதாரண நாயர் வீரனுக்கும் தெரிந்திருந்தது. அதைத் தெரியாதவனாகப் ஃபுர்த்தாடோ இருந்திருக்க முடியாது. அவனும் மானத்தைப் பெரிதாகப் பேசும் குலத்தில் வந்தவன்.

பினாங்கில் இருந்துகொண்டு இதை எண்ணுவதற்குக் காரணம் உண்டு. பிட் தெருவில் கப்பித்தான் கிளிங் பள்ளிவாசல் நிற்கிறது. 1801ல் அதற்கு அடித்தளம் போட்டவர் பரங்கிப்பேட்டைக் கரையிலிருந்து வந்த காதர் முகைதீன் மரைக்காயர். தமிழ் முஸ்லிம்களுக்குத் தலைவராகப் பிரிட்டிஷ் அரசு ஏற்றுக்கொண்ட முதல் கப்பித்தான் அவர். அவர் வழியினரும் அவரைப்போலச் சோழமண்டலக் கரையிலிருந்து வந்த கப்பல்காரக் குடும்பங்களும் இன்றும் இந்த ஊரில் மெரிக்கான் என்று எழுதிக்கொள்கிறார்கள். கோட்டக்கல் மரைக்காயர்களும் இவர்களும் ஒரே வீட்டுப் பிள்ளைகள் என்று சொல்லவரவில்லை. ஒரே கடல் வாழ்க்கையின் இரண்டு கரைகள். மலபாரில் ஆயுதத்தோடு வியாபாரம் செய்த மரைக்காயர்களை 1600ல் முறித்தார்கள். நாகப்பட்டினத்திலும் நாகூரிலும் பரங்கிப்பேட்டையிலும் இருந்தவர்கள் பீரங்கி இல்லாமல் துணிமூட்டையோடு கடாரத்துக்கும் அச்சேவுக்கும் ஓடிக்கொண்டிருந்தார்கள். 1786ல் பிரான்சிஸ் லைட் இந்தத் தீவில் கொடி ஏற்றியபோது அவர்களுக்கு இது புதுக்கடல் அல்ல.

மலாக்காவில் தமிழர்களின் கதை இன்னும் பழையது. 1509ல் அங்கே சிறைப்பட்ட போர்த்துக்கீசியர்களுக்கு உதவியவர் நயினார் செட்டி என்ற தமிழ் வணிகர். 1511ல் அல்புக்கர்க்கு நகரைப் பிடித்தபின் அவரைப் பெண்டஹாரா என்னும் தலைமை அதிகாரியாக நியமித்தார்கள். மூன்றே ஆண்டுகளில் அந்தப் பதவியை எடுத்துக் கம்பார் அரசனுக்குக் கொடுக்க முடிவு செய்தார்கள். செட்டி ஒரு மேடை கட்டி, வாசனைக் கட்டைகளால் தீ வளர்த்து, ஊரைக் கூட்டி வைத்துக்கொண்டு அதில் இறங்கினார். தான் செய்த உதவிக்கு இதுதான் பலனா என்று எல்லார் முன்னாலும் கேட்டுவிட்டு இறந்ததாகப் போர்த்துக்கீசிய வரலாற்றாசிரியர்களே எழுதியிருக்கிறார்கள். கோட்டக்கல்லுக்கு எண்பத்தாறு ஆண்டுகளுக்கு முன்பே பறங்கி வாக்கின் எடை மலாக்காத் தமிழனுக்குத் தெரிந்துவிட்டது.

கோட்டக்கல் வெற்றிக்குப் பின் ஃபுர்த்தாடோவின் நட்சத்திரம் உச்சத்தில். 1601ல் பெரிய கடற்படையோடு தெற்குக் கடலுக்கு அனுப்பினார்கள். டச்சுக்காரர்களை விரட்டுவது வேலை. அந்த ஆண்டு டிசம்பரில் பாந்தம் துறைமுகத்துக்கு வெளியே ஐந்தே டச்சுக் கப்பல்கள் அவனைப் பின்வாங்க வைத்தன. அம்போனில் கொஞ்சம் சாதித்தான். தெர்னாத்தேயில் மணிலா ஸ்பானியர் துணை வந்தும் முடியவில்லை. களைத்துப்போன கப்பல்களோடு மலாக்காவுக்கு வந்து கோட்டைப் பொறுப்பை எடுத்துக்கொண்டான்.

1606 ஏப்ரல் கடைசியில் டச்சுத் தளபதி கார்னெலிஸ் மத்தலீஃப் பதினோரு கப்பல்களோடு வந்து நங்கூரமிட்டான். ஜொகூரோடு எழுத்தில் உடன்படிக்கை: மலாக்கா நகரம் டச்சுக்காரர்களுக்கு, சுற்றியுள்ள நிலம் சுல்தானுக்கு. மூன்று மாதத்துக்கும் மேல் முற்றுகை. உள்ளே போர்த்துக்கீசியர்கள் சொற்பம். ஃபுர்த்தாடோ அசையவில்லை. கோட்டக்கல்லில் வெளியே நின்று பட்டினி போட்டவன் இப்போது உள்ளே நின்று பட்டினி கிடந்தான். ஆகஸ்டில் வைசிராய் மார்ட்டிம் அஃபோன்சோ டி காஸ்ட்ரோவின் கப்பல்கள் வந்து சேரும்வரை மதில் விழவில்லை. அந்தத் துணிச்சலை நான் குறைத்துச் சொல்லமாட்டேன். வேறு யார் இருந்திருந்தாலும் மலாக்கா அந்த ஆண்டே டச்சுக்காரர் கையில் போயிருக்கும்; அவன் நின்றதால் இன்னும் முப்பத்தைந்து ஆண்டு, 1641வரை, தாங்கியது.

ஆனால் முற்றுகையில் முதலில் அழிவது மதிலுக்கு வெளியே உள்ள வீடுகள். ஆற்றுக்கு அந்தப்பக்கம் உப்பே என்ற புறநகரில்தான் சோழமண்டலத்துத் தமிழர்களின் கம்போங் இருந்தது. அந்த விவரத்தைப் பெயரோடு எழுதிவைத்தவர் மானுவல் கொதின்யோ டி எரேடியா. மலாக்காவில் பிறந்தவர், தந்தை ஐரோப்பியர், தாய் சுலவேசித் தீவின் அரச குடும்பத்துப் பெண். 1604ல் ஃபுர்த்தாடோவின் கீழ் வேலைபார்த்து மூவாரில் ஒரு கோட்டை எழுப்பியவர். 1613ல் அவர் எழுதிய மலாக்கா விவரணையில் இந்தப் பினாங்குத் தீவும் பெயரோடு வருகிறது. கப்பித்தான்மார்கள் கரைகளை வெற்றியாகவும் தோல்வியாகவும் கண்டார்கள். இரண்டு ரத்தம் கலந்த இந்த மனிதர் தெருத்தெருவாக, ஆறு ஆறாகக் கண்டார். அந்தக் காலத்து மலாக்காவில் யார் எங்கே குடியிருந்தார்கள் என்று அறிய நாம் தேடிப்போவது இவரிடம்தான்.

ஃபுர்த்தாடோ காத்த கோட்டைக்கு நேர்ந்த கதி பினாங்கோடு பிணைந்தது. 1795ல் பிரிட்டிஷார் மலாக்காவை டச்சுக்காரர்களிடமிருந்து எடுத்தார்கள். பின்னால் திருப்பிக் கொடுக்க நேர்ந்தால் பினாங்கு வியாபாரத்துக்கு அது போட்டியாகிவிடும் என்று கணக்குப் போட்டு, கோட்டையைத் தகர்க்கவும் மக்களைப் பினாங்குக்கு நகர்த்தவும் முடிவு செய்தார்கள். 1807ல் வெடிமருந்து வைத்தார்கள். கோட்டையின் கற்கள் வானத்தில் எழுந்ததை விவரித்தவர் முன்ஷி அப்துல்லா. மலாய் உரைநடையின் தந்தை என்று போற்றப்படும் அவர் மலாக்காத் தமிழ் முஸ்லிம் கலப்பில் வந்தவர். சிறுவயதில் கணக்குவழக்குக்காகத் தகப்பனார் அவரைத் தமிழ் படிக்க அனுப்பியிருக்கிறார். பினாங்கில் உத்தியோகம் பார்த்த ராஃபிள்ஸ் மலாக்காவுக்கு வந்தபோது நிலைமையைப் பார்த்து எதிர்த்து எழுதினார், குடிபெயர்ப்பு நின்றது. ஒரு வாயில் மட்டும் மிஞ்சியது. ஃபுர்த்தாடோ பட்டினி கிடந்து காத்த மதிலின் பெரும்பகுதி இந்த ஊரின் வியாபாரத்துக்காகப் பொடியானது.

கோட்டை போனாலும் அதற்குள் வாழ்ந்தவர்களின் வழிவந்தோர் பினாங்குக்கு வேறு வழியாக வந்துவிட்டார்கள். 1641க்குப் பின் டச்சு ஆட்சியில் கத்தோலிக்கர்களுக்கு நெருக்கடி. பலர் வடக்கே கடாரத்துக்கும் புக்கெட் தீவுக்கும் போனார்கள். 1786ல் கடாரத்திலிருந்து வந்த செரானிகள் என்ற கலப்பினக் கத்தோலிக்கர்கள்தான் இங்கே ஃபார்குவார் தெருவின் மாதா கோயிலைத் தொடங்கினார்கள். 1811ல் பர்மியத் தாக்குதலுக்குத் தப்பிப் புக்கெட்டிலிருந்து வந்தவர்கள் புலாவ் திக்குஸில் குடியேறினார்கள். அவர்களுடைய கம்போங் செரானி வீடுகள் இன்று இல்லை. தேவாலயமும் சில குடும்பப் பெயர்களும் இருக்கின்றன. போர்வீரர்கள், மாலுமிகள், அவர்களை மணந்த மலாய், சயாமிய, இந்தியப் பெண்கள்: இந்தக் கலப்பில் வந்த மக்கள். ஃபுர்த்தாடோவைப் போன்றவர்களுக்குக் கீழே பெயரில்லாமல் துடுப்புப் போட்டவர்களின் பேரப்பிள்ளைகள் என்று அவர்களைச் சொல்லலாம். எனக்கு அவர்கள்மேல்தான் பரிவு. படையெடுப்பின் புகழ் அவர்களுக்குக் கிடைக்கவில்லை. அதன் அலைச்சல் மட்டும் தலைமுறைக்குத் தலைமுறை கிடைத்தது.

ஃபுர்த்தாடோ 1609ல் கோவாவின் கவர்னரானான். மூன்று மாதம் சொச்சம். புது வைசிராய் வந்ததும் பொறுப்பை ஒப்படைத்துவிட்டுக் கப்பலேறினான். லிஸ்பன் போய்ச் சேரவில்லை. நடுக்கடலிலேயே உயிர் போயிற்று.

கோட்டக்கல்லில் குஞ்ஞாலியோடு பிடிபட்டவர்களில் அவருடைய மருமகன் முறையான ஒரு சிறுவனும் இருந்தான். அவனைக் கொல்லவில்லை. கோவாவில் ஞானஸ்நானம் கொடுத்து தோம் பெட்ரோ ரொட்ரிகஸ் என்று பெயர் வைத்தார்கள். போர்த்துக்கீசிய அனாதைப் பெண் ஒருத்தியைக் கட்டிவைத்தார்கள். வளர்ந்து ஆளானபின் அவன் கோவாவை விட்டுத் தப்பி மலபாருக்கு ஓடினான். படகுகளைத் திரட்டினான். தன் மாமன் விட்ட இடத்திலிருந்து பறங்கிக் கப்பல்களை அடிக்கத் தொடங்கினான்.